எரிமலைப் பாறையின் காந்த நினைவும் இசிங் நிரலும்: உச்சம் ஏன் ஓரிடத்தில் நிற்கவில்லை?

கருமணல் (சேன்-பியேர்)

வணக்கம். ரெயூனியன் தீவில் ஒரு லிசேயில் (உயர்நிலைப் பள்ளி) இறுதியாண்டு வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை எத்தாங்-சாலே கடற்கரைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கருமணலில் இழுத்தால் துகள்கள் கம்பளிப்பூச்சியின் மயிரைப் போலச் சிலிர்த்துக்கொண்டு எழும். எரிமலை கக்கிய குழம்பிலிருந்து வந்த, மாக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள் அவை.

இந்த ஆண்டு அதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. ஃபுர்னேஸ் எரிமலையின் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் அதில் நிலைத்த காந்தம் கிடையாது. ஆறிக்கொண்டே வந்து மாக்னடைட்டின் கியூரி வெப்பநிலையான (அதற்கு மேலே காந்த ஒழுங்கு நிலைக்காது) 580 டிகிரியைக் கடக்கும்போது பூமியின் காந்தப்புலத் திசையைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. 2007 ஏப்ரலில் த்ரெம்ப்ளே பக்கம் கடலில் இறங்கிய குழம்பும் அப்படித்தான். அந்தக் கணத்தை மாணவர்களுக்குத் திரையில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அதற்காக இருபரிமாண இசிங் மாதிரியைப் பைதானில் எழுதினேன். சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மேல் அல்லது கீழ் நோக்கிய ஒரு சிறு காந்தம், நான்கு அண்டைக் கட்டங்களோடு மட்டும் உறவு. ஒவ்வொரு காந்தமாகச் சமவாய்ப்பில் புரட்டிப் பார்க்கும் மெட்ரோபொலிஸ் வழிமுறை. வெப்பநிலையை 1.5 முதல் 3.5 வரை 0.05 இடைவெளியில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு வெப்பநிலையிலும் 1,000 சுற்று; ஒரு சுற்று என்றால் கட்டங்களின் எண்ணிக்கை அளவுக்குப் புரட்டல் முயற்சிகள். (இணைவு வலிமையையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் 1 என்று வைத்துக்கொண்டேன்.)

காந்த ஒழுங்கு மறையும் மாறுநிலைப் புள்ளிக்குத் துல்லியமான விடை எனக்குத் தெரியும்: 2.269. அந்த இடத்தில் காந்த ஏற்புத்திறன் (சிறு புலத்துக்குக் காந்தம் எவ்வளவு மாறும் என்ற அளவு) உச்சம் தொட வேண்டும். ஆனால் அந்த உச்சம் 16×16 கட்டங்கள் கொண்ட அணிக்கோவையில் 2.4 ஐ ஒட்டி வருகிறது. 64×64 இல் 2.3 ஐ ஒட்டி வருகிறது, அதுவும் ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறுகிறது. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஓர் ஓட்டத்தில், 1.5 என்ற தாழ்ந்த வெப்பநிலையில், மொத்தக் காந்தம் வெறும் 0.1 என்று வந்தது (எல்லாம் ஒரே பக்கம் என்றால் 1). எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டிய இடம் அது! மூன்று வாரமாக நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். பிழை கிடைக்கவில்லை.

பகடை (சேன்-தெனி)

அண்ணா, நிரலைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள். விளிம்புகளை என்ன செய்தீர்கள்? காந்தத்தின் சராசரியைக் குறியோடு எடுத்தீர்களா, குறி நீக்கியா? ஒவ்வொரு வெப்பநிலையையும் எந்த நிலையிலிருந்து தொடங்குகிறீர்கள்?

முதல் கேள்விக்கு விடையை நானே ஊகிக்கிறேன். வலது விளிம்பை இடதோடும் மேல் விளிம்பைக் கீழோடும் ஒட்டியிருப்பீர்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் ஓரத்துக் காந்தங்களுக்கு அண்டை குறைந்து, உச்சம் 2.269 க்குக் கீழே போயிருக்கும். உங்களுக்கு மேலே போயிருக்கிறது.

நிரல் சரியா என்று பார்க்க, விடை தெரிந்த இடத்தில் அதை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். 1944 இல் ஆன்சாகர் இந்த மாதிரிக்குத் துல்லியத் தீர்வு கொடுத்தார். 1952 இல் யாங் தன்னியல்பான காந்தத்துக்கு (வெளிப்புலம் இல்லாமலே நிற்கும் காந்தம்) வாய்பாட்டை வெளியிட்டார். அதன்படி 2.0 இல் காந்தம் 0.911 வர வேண்டும், 2.2 இல் 0.785. மாறுநிலைப் புள்ளியில் ஒரு கட்டத்துக்கான ஆற்றல் மிகப்பெரிய அணிக்கோவையில் −1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏற்கும் வாய்ப்பையும் பாருங்கள். மாறுநிலைப் புள்ளியில் ஆற்றலை 4 அலகு கூட்டும் புரட்டல் நூறு முயற்சியில் ஏறத்தாழ 17 முறை ஏற்கப்பட வேண்டும், 8 அலகு கூட்டுவது 3 முறை. இந்த எண்கள் ஒத்துவந்தால் உங்கள் நிரலில் பிழை இல்லை.

கருமணல் (சேன்-பியேர்)

ஊகம் சரி. விளிம்புகளை ஒட்டியிருக்கிறேன். சராசரியைக் குறி நீக்கித்தான் எடுத்தேன். ஒவ்வொரு வெப்பநிலையையும் தாறுமாறாகக் கலைத்த நிலையிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன எண்களை இரவே சோதித்தேன். ஏற்கும் வாய்ப்புகள் அப்படியே ஒத்துவந்தன. 2.0 இல் ஐந்து ஓட்டங்கள் பார்த்தேன். நான்கில் 0.91 வந்தது. ஐந்தாவதில் 0.3.

ஓடை (சேன்-பியேர்)

ஐயா, நான் உங்கள் வகுப்பு மாணவி. நீங்கள் கொடுத்த நிரலில் எண்களை மட்டும் அச்சிடாமல் ஒவ்வொரு 10 சுற்றுக்கும் ஒரு படம் வரையும்படி மாற்றினேன். காந்தம் குறைவாக வந்த ஓட்டங்களில் கலைந்த நிலையே இல்லை. திரையின் நடுவில் அகலமான ஒரு கறுப்புப் பட்டை, இரண்டு பக்கமும் வெள்ளை. பட்டையின் ஓரங்கள் கொஞ்சம் நெளிகின்றன, ஆனால் பட்டை அழிவதில்லை. சேலைக் கரையைப் போல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறது. இது ஏன்?

பகடை (சேன்-தெனி)

ஓடை, படம் வரைந்து பார்த்தாயே, அதுதான் இந்த இழையில் இதுவரை நடந்த நல்ல வேலை.

அந்தப் பட்டை நிரலின் பிழை அல்ல, இசிங் மாதிரியின் இயல்பு. கலைந்த நிலையைத் திடீரென்று குளிர்வித்தால் கறுப்புத் தீவுகளும் வெள்ளைத் தீவுகளும் உருவாகி, பெரியது சிறியதை விழுங்கும். வளைந்த எல்லைக்கு இழுவிசை உண்டு, சுருங்கிச் சுருங்கித் தீவு மறைந்துவிடும். நேரான எல்லைக்கோ எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற உந்துதலே இல்லை. விளிம்புகளை ஒட்டிவிட்டதால் பட்டை தன்னைச் சுற்றி ஒரு வளையமாகிவிடுகிறது. சுழி வெப்பநிலைக்குக் குளிர்வித்தால், சதுர அணிக்கோவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை இப்படிப் பட்டையில் போய்ச் சிக்கும். 1.5 இல் சிக்கிய பட்டை என்றாவது கலையும். ஆனால் அதற்கு 1,000 சுற்று போதாது.

அண்ணா, தாழ்ந்த வெப்பநிலையில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிய நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். முந்தைய வெப்பநிலையின் கடைசி நிலையே அடுத்ததற்குத் தொடக்கம். பட்டைத் தொல்லை போய்விடும்.

நகரும் உச்சம் வேறு விஷயம். அதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன.

ஒன்று, அளவு. உண்மையான நிலைமாற்றம் முடிவற்ற அணிக்கோவையில்தான் உண்டு. 16×16 இல் எதுவும் முடிவிலிக்குப் போக முடியாது. கூர்முனைக்குப் பதிலாக ஒரு குன்றுதான் கிடைக்கும், அந்தக் குன்றும் தள்ளி நிற்கும். விலகல் பக்க நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே உங்கள் 2.4 தவறான விடை அல்ல. அந்த அளவுக்கு அது சரியான விடை. 16, 32, 64 மூன்றின் உச்சங்களையும் நீளத்தின் தலைகீழிக்கு எதிரே குறித்து ஒரு நேர்கோடு இழுத்தால் அது அச்சை 2.27 அருகே வெட்டும்.

இரண்டு, காலம். ஓட்டத்துக்கு ஓட்டம் உச்சம் இடம் மாறுவது இதனால்தான். மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் ஒத்த திசை கொண்ட திட்டுகள் அணிக்கோவை அளவுக்கே வளர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு கட்டமாகப் புரட்டும் நம் வழிமுறை அவ்வளவு பெரிய திட்டை ஓரத்திலிருந்து அரித்து அரித்துத்தான் மாற்ற முடியும். ஒரு நிலையின் நினைவு மறைய எத்தனை சுற்று ஆகும் என்பது பக்க நீளத்தின் அடுக்கு 2.17 போல வளர்கிறது. பக்கத்தை இரட்டித்தால் நினைவுக்காலம் 4.5 மடங்கு. கட்டங்களும் 4 மடங்காவதால் கணினி வேலை 18 மடங்கு. 64×64 இல் நினைவுக்காலமே ஆயிரக்கணக்கான சுற்று. நீங்கள் ஓட்டியது 1,000 சுற்று. தொடங்கிய நிலையை அணிக்கோவை மறப்பதற்கு முன்பே அளந்து முடித்துவிட்டீர்கள்.

கரும்புக்காடு (கியூர்பிப், மொரிசியஸ்)

பக்கத்துத் தீவிலிருந்து வணக்கம். நான் தமிழாசிரியர், இயற்பியல் படித்தவன் அல்லன். ‘நிலைமாற்றம்’ என்று நீங்கள் எழுதுவது பனிக்கட்டி நீராவதற்கும் பொருந்துமா? காந்தம் காந்தத்தன்மையை இழக்கும்போது பொருள் உருகுவதில்லையே.

பகடை (சேன்-தெனி)

பொருந்தும், ஐயா. ஆனால் இரண்டும் ஒரே வகை அல்ல. பனிக்கட்டி உருகும்போது உள்ளுறை வெப்பம் வேண்டும். 0 டிகிரியில் பனிக்கட்டியும் நீரும் அருகருகே இருக்கும். காந்தத்தில் அப்படி ஒரு தாவல் இல்லை. ஒழுங்கு படிப்படியாகத் தேய்ந்து, கியூரி வெப்பநிலையில் சுழியைத் தொடும். இரும்பு 770 டிகிரியில் இழக்கிறது, அதுவும் உருகாமல், செந்தணலாக நிற்கும்போதே. நிக்கல் 354 டிகிரியில். கடோலினியம் என்ற உலோகத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரிதான். உங்கள் கியூர்பிப்பின் குளிர்காலக் காலையில் அது காந்தத்தை இறுகப் பற்றும். அதே துண்டைக் கோடையில் போர்ட் லூயிஸுக்கு எடுத்துச் சென்றால் பிடி தளர்ந்துவிடும்.

கருமணல் (சேன்-பியேர்)

சூடேற்றும் வரிசையை மாற்றினேன். பட்டை ஒருமுறைகூட வரவில்லை. மாறுநிலைப் புள்ளியைச் சுற்றி 2,00,000 சுற்று வைத்தேன். பள்ளிக் கணினி இரவு முழுவதும் ஓடியும் முடியவில்லை. இதைவிட வேகமான வழி இல்லையா? உச்சத்தைக் கண்ணால் தேடுவதும் எனக்குத் திருப்தியாக இல்லை.

பகடை (சேன்-தெனி)

இரண்டுக்கும் வழி உண்டு.

வேகத்துக்கு 1989 இல் வுல்ஃப் கொடுத்த திரள் வழிமுறை. ஏதேனும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே திசை கொண்ட அண்டைக் கட்டங்களை ஒரு குறிப்பிட்ட வாய்ப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்; மாறுநிலைப் புள்ளியில் அந்த வாய்ப்பு 0.586. சேர்ந்தவற்றின் அண்டைகளையும் அப்படியே. திரள் வளர்வது நின்றதும் மொத்தத்தையும் ஒரே வீச்சில் புரட்டுங்கள். ஓரத்தை அரிக்க வேண்டிய வேலையே இல்லை. வெளிப்புலம் இல்லாத கணக்குக்கு இதுபோல் எளிது வேறில்லை.

உச்சத்துக்குப் பதிலாகப் பைண்டரின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். காந்தத்தின் நான்காம் அடுக்குச் சராசரியை, இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கால் வகுத்து, 1 இலிருந்து கழிக்க வேண்டும். தாழ்ந்த வெப்பநிலையில் அது மூன்றில் இரண்டு. மிகுந்த வெப்பநிலையில் சுழி. 16, 32, 64 மூன்றுக்கும் கோடு வரைந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும், உயரம் 0.61 அருகே. அந்த இடம்தான் மாறுநிலை வெப்பநிலை.

ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். சமவாய்ப்பு எண்களை எது இயற்றுகிறது என்று பாருங்கள். 1992 இல் ஃபெரன்பர்க், லாண்டோ, வோங் மூவரும் இதே வுல்ஃப் வழிமுறையை 16×16 இல் ஓட்டினார்கள். அக்காலத்தில் தரமானது என்று எல்லோரும் நம்பிய ஓர் இயற்றி தவறான ஆற்றலைத் தந்தது. எளிமையானது என்று ஒதுக்கப்பட்ட இயற்றி சரியாகத் தந்தது. துல்லிய விடை கையில் இருந்ததால்தான் அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. பைதானில் இயல்பாக உள்ள மெர்சென் ட்விஸ்டர் உங்கள் வேலைக்குப் போதும்.

ஓடைக்கு ஒரு செய்தி. நாம் எல்லோரும் மெட்ரோபொலிஸ் வழிமுறை என்கிறோம். 1953 இல் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஐவர். லாஸ் அலமோசில் இருந்த மேனியாக் கணினிக்கு அதன் நிரலை எழுதியவர் ஆரியானா ரோசன்புளூத் என்ற பெண்மணி. பெயரில் அவர் இல்லை. நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பாறைவாசி (சேன்-ழோசெப்)

தம்பி கருமணல், எரிமலைப் பாறைகளோடு நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கும் பாறைக்கும் நீங்கள் போட்ட முடிச்சு தவறு. மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

பாறை கியூரி வெப்பநிலையில் தன் நினைவை எழுதுவதில்லை. அதைக் கடந்ததும் துகளுக்குள் ஒழுங்கு பிறக்கிறது, அவ்வளவுதான். ஆனால் துகளின் மொத்தக் காந்தமும் வெப்பத்தின் உதைப்பில் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டே இருக்கும். இன்னும் ஆறி, ஒரு கட்டத்தில் புரள்வது நின்றுவிடுகிறது. அந்தத் தடைவெப்பநிலை கியூரி வெப்பநிலைக்குக் கீழே இருக்கிறது. திசை நிலைப்பது அங்கேதான். 1949 இல் லூயி நேயல் இதை விளக்கினார்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரளும் என்பது, துகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைக்கும் வெப்ப ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அடிப்படைக் காலத்தை நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 25 ஆக இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். விகிதம் 60 ஆனால் 360 கோடி ஆண்டு! குழம்பு ஆறும் சில நாட்களுக்குள் ஒரு துகள் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதற்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. 580 டிகிரி தூய மாக்னடைட்டுக்கு. நம் தீவின் கரும் எரிமலைப் பாறையான பசால்ட்டில் டைட்டானியம் உண்டு. அது கூடக்கூடக் கியூரி வெப்பநிலை இறங்கும், 200 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. ஆறும்போது ஆக்சிஜன் ஏறினால் துகளுக்குள் மாக்னடைட் தனியே பிரிந்து மீண்டும் 580 ஐ நெருங்கும். ஒரே குழம்போட்டத்தின் மேல்தோலும் நடுப்பகுதியும் இதில் வேறுபடும்.

கருமணல் (சேன்-பியேர்)

ஐயா, மிக்க நன்றி. தவறான ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் என்பது வருத்தமாக இருக்கிறது. இந்த ஆண்டு மாணவர்களிடம் திருத்திச் சொல்வேன்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் வேறொரு கணக்குப் போட்டேன். பூமியின் புலத்தை 40 மைக்ரோடெஸ்லா என்று கொள்வோம். ஒரேயோர் அணுக்காந்தத்துக்கு அது தரும் ஆற்றல், 850 கெல்வினில் உள்ள வெப்ப ஆற்றலில் மூன்று கோடியில் ஒரு பங்கு! அவ்வளவு மெல்லிய புலத்துக்கு அணு எப்படிச் செவிசாய்க்கும் என்று திகைத்தேன். ஆனால் பக்கத்துக்கு 30 நானோமீட்டர் உள்ள ஒரு மாக்னடைட் துகளில் ஏறத்தாழ 14 லட்சம் போர் மாக்னட்டான் (அணுக்காந்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் காந்தம் இருக்கிறது. (அறை வெப்பநிலை மதிப்பை எடுத்தேன், சூட்டில் இது குறையும்.) இப்போது விகிதம் நூறில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. துகள்களில் ஒரு பக்கம் சாய்ந்தவை மறுபக்கம் சாய்ந்தவற்றைவிடச் சற்றே மிகுதி, அதுவே போதும். அணுக்கள் முதலில் ஒன்றோடொன்று கைகோத்தால்தான் பூமியின் குரல் அவற்றுக்குக் கேட்கும். என் இசிங் நிரல் காட்டுவது அந்தக் கைகோப்பை மட்டும்.

பகடை (சேன்-தெனி)

பாறைவாசி ஐயா சொன்னதையும் ஓடையின் பட்டையையும் சேர்த்துப் பார்க்கிறேன். மூன்று நாளாக நான் அண்ணாவிடம் ‘அணிக்கோவை மறப்பதற்குள் அளந்துவிட்டீர்கள்’ என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கணினியில் நமக்கு அது தொல்லை. பாறையிலோ அதனால்தான் நமக்கு வரலாறே கிடைக்கிறது. சமநிலைக்குப் போக நேரம் போதாமல் நின்றுவிட்ட துகள்கள் இல்லையென்றால் நேற்றைய புலத்தைப் பற்றிக்கூடப் பாறை எதுவும் சொல்லாது.

பாறைவாசி (சேன்-ழோசெப்)

அம்மா, ஒப்புக்கொள்கிறேன், ஓர் எல்லை வரை. மாறுநிலைப் புள்ளியில் வரும் மந்தம் வேறு, ஆற்றல் தடையால் வரும் மந்தம் வேறு. முதலாவது அந்தப் புள்ளியைத் தாண்டினால் தணிந்துவிடும். இரண்டாவது ஆற ஆற ஏறிக்கொண்டே போகும். பட்டையும் மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பகடை (சேன்-தெனி)

சரி, ஐயா. அப்படியானால் வகுப்புக்கு இரண்டு தனி நிரல் வேண்டும். முதலாவது இசிங்; அதில் வுல்ஃப் வேண்டும், ஏனென்றால் அங்கே நாம் தேடுவது சமநிலை. இரண்டாவதில் ஒரு துகள் ஒரே காந்தம், இரண்டே திசை, நடுவில் ஒரு தடை. சில ஆயிரம் துகள்களை வெவ்வேறு பருமனில் எடுத்து, மெல்லிய புலத்தில் மெதுவாக ஆறவிட வேண்டும். அங்கே குறுக்குவழி கூடாது. காலத்தை உள்ளபடியே ஓட்ட வேண்டும், அதுதான் அளக்கப்படும் பொருள்.

ஓடை (சேன்-பியேர்)

இரண்டாவது நிரலை நான் எழுதிப் பார்த்தேன். ஆறிய பிறகு புலத்தைத் தலைகீழாக்கினேன். பெரிய துகள்கள் அசையவே இல்லை. மிகச் சிறியவை மட்டும் உடனே திரும்பிவிட்டன. அப்படியானால் பூமியின் புலம் தலைகீழாக இருந்தபோது ஆறிய பாறை இன்றும் அப்படியே காட்டுமா? நம் தீவில் அப்படிப்பட்ட பாறை இருக்கிறதா?

பாறைவாசி (சேன்-ழோசெப்)

இருக்கிறது, அம்மா. உலகமே அதை நம் தீவின் பெயரால்தான் அழைக்கிறது. 1966 இல் சமலோனும் மக்டூகலும் இத்தீவின் பாறைகளின் வயதையும் காந்தத் திசையையும் அளந்து வெளியிட்டார்கள். பூமியின் புலம் தலைகீழாக இருந்த ஒரு நெடுங்காலத்தின் நடுவே, ஏறத்தாழ 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சிறிது காலம் மட்டும் இன்றைய திசைக்குத் திரும்பியிருக்கிறது. அந்த இடைவேளைக்கு ரெயூனியன் நிகழ்வு என்று பெயர். ஃபுர்னேஸ் பக்கம் தேடாதே, அது இளைய எரிமலை. பித்தோன் தே நேழ் மலையைச் சேர்ந்த பழைய பாறைகளில்தான் அந்தக் காலம் இருக்கிறது. பெரிய துகள் திரும்பவில்லை, சிறியது திரும்பியது என்றாயே, ஆய்வுக்கூடத்திலும் அதையே செய்கிறோம். பாறையைப் படிப்படியாகச் சூடாக்கிப் பிற்காலத்தில் ஏறிய மெல்லிய நினைவை முதலில் அழித்துவிட்டு, அடியில் உள்ள பழைய திசையைப் படிக்கிறோம்.

கருமணல் (சேன்-பியேர்)

முதல் நிரலின் முடிவு: 16, 32, 64 மூன்றின் பைண்டர் கோடுகளும் 2.27 இல் வெட்டிக்கொண்டன, உயரம் 0.61. வுல்ஃப் வழிமுறையில் மதிய இடைவேளைக்குள் முடிந்தது. நன்றி, பகடை.

அடுத்த மாதம் மாணவர்களோடு ஒரு கல் எடுத்துவர எண்ணியிருக்கிறேன். பாறைவாசி ஐயா, திசையை எப்படிக் குறிப்பது?

பாறைவாசி (சேன்-ழோசெப்)

தேசியப் பூங்காவுக்கு வெளியே, நில உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். உருண்டு கிடக்கும் கல் வேண்டாம். நகராத பாறையிலிருந்து எடுக்க வேண்டும். உடைப்பதற்கு முன்னால் அதன் மேற்பரப்பில் மட்டக்கோடும் சாய்வும் குறித்துவிடுங்கள். காந்த ஊசியை நம்பாதீர்கள். நம் பசால்ட்டே ஊசியைத் திருப்பிவிடும். ஓர் அட்டையில் குச்சியை நட்டு நிழலின் திசையையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வடக்கு எது என்பதைச் சூரியனின் இருப்பிலிருந்து பிறகு கணக்கிடலாம். நண்பகலை ஒட்டி வேண்டாம், நிழல் குட்டையாக இருக்கும். காலை எட்டு மணிக்குப் போங்கள், மேகம் ஏறுவதற்குள்.